மரத்துப்போக நாற்பத்தைந்து நிமிடம்

அக்காவின் இடது கன்னத்திலிருந்து காது, கழுத்து, தோள்பட்டை விளிம்பு வரை வெள்ளைக் களிம்பை அப்பி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஒட்டிவிட்டு, நாற்பத்தைந்து நிமிஷம் அசையாமல் இருக்கணும், ரொம்பப் பேசக்கூடாது, நல்லா மரத்ததும் நானே வந்து கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள், மணி பதினொன்று பத்து. 'மரத்ததும்' என்ற வார்த்தையை அவள் மூக்குக்குள் இழுத்து, கடைசியில் ஒரு சின்னப் படி ஏறி இறங்கிச் சொன்னாள், நாகர்கோவில் பக்கமாகத்தான் இருக்கும், நான் உதடு அசையாமல் மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன், இரண்டாவது தரமே அச்சாக வந்துவிட்டது, இனி அவள் என்னுடையவள், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். எதிர் நாற்காலியில் முகமெல்லாம் பருக்குழியோடு ஒரு மாப்பிள்ளைப் பையன், பக்கத்தில் அவன் அம்மா, தாலி கட்டுறதுக்குள்ள குழி ரொம்பிருமா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறாள், ரோட்டுப் பள்ளத்தைக் கேட்கிற மாதிரி, அதையும் எடுத்துக்கொண்டேன், அந்த 'ரொம்பிருமா'வில் தொண்டைக்குள் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. மதுரை பைபாஸ் ரோட்டில் இரண்டாவது மாடியில் ஏசி போட்ட இந்த ஹாலில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, எல்லாரும் மீன் தொட்டியைப் பார்க்கிறார்கள், தொட்டியில் மீன் இல்லை, குமிழி மட்டும் வருகிறது. நான் அக்காவைத்தான் பார்க்கிறேன். எங்கள் கடையில் காராசேவு அரைக் கிலோ பாக்கெட்டை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டினால் ஓரத்தில் இப்படித்தான் சுருங்கும். மேலே ஒரு சீட்டு ஒட்டினால் முடிந்தது, பூங்கனி, நிகர எடை ஐம்பத்திரண்டு கிலோ, வெயில் படாமல் வைக்கவும். சிரிப்பு வந்தது. அடக்கினேன். அடக்கினேன் என்பதை அவள் பார்த்துவிட்டாள், அவளுக்கு வலது கண் என்னைப் பார்க்க வாகாக இருக்கிறது, இடது கண்ணின் கீழ் இமையைத் தழும்பு கொஞ்சம் இழுத்துப் பிடித்திருப்பதால் அது எப்போதும் அழப்போகிற மாதிரியே இருக்கும், அழாதபோதும்.

டாக்டரம்மா போன வாரம் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கியதிலிருந்து எனக்கு ஒரு வாக்கியம் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி போகாமல் நிற்கிறது. தழும்பு என்றால் என்ன, தோல் அவசரத்தில் போட்ட ஒட்டு, காயம் பட்டதும் கையில் கிடைத்த நாரையெல்லாம் அள்ளிப் போட்டு அடைக்கும், அடைத்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் போட்டுக்கொண்டே இருக்கும், அதுதான் இந்தத் தடிப்பு, என்று பேனாவால் தட்டித் தட்டிச் சொன்னார். யாராவது போய் அதனிடம் போதும், நிறுத்து, இருப்பதைச் சீராக நெய் என்று சொல்ல வேண்டுமாம். அதைச் சொல்வது ஸ்டெம் செல். ஆனால் ஸ்டெம் செல்லை இங்கே போடமாட்டார்கள், லேபில் அதை வளர்க்கும்போது அது வெளியே விடுகிற கண்ணுக்குத் தெரியாத துளிப் பைகளை மட்டும் பிரித்து எடுப்பார்கள், எக்ஸோசோம் என்று பேர், பைக்குள் சேதி இருக்கும், ஊசி உருளையால் தழும்பு முழுக்கப் பொடித் துளை போட்டு அந்தத் தண்ணீரை மேலே விட்டால் சேதி உள்ளே இறங்கும். அக்கா வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று, அப்ப அந்த செல் எங்க இருக்கும். டாக்டரம்மா சொன்னார், "அது இங்க வராதும்மா. அதோட பேச்சு மட்டும்தான் வரும். கேக்கிற செல்லுக்கு வித்தியாசம் தெரியாது." எனக்கு அப்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, இருமலாக மாற்றி, தண்ணீர் குடித்து, மேஜைமேல் சிந்தி, ஒரு கூத்து. ஆள் வராமல் பேச்சு மட்டும் வருவதாம். கேட்பவனுக்கு வித்தியாசம் தெரியாதாம். நான் பதினேழு வருஷமாக இதைத்தான் செய்கிறேன், ஒரு பேஷண்டும் இதுவரை எனக்கு நன்றி சொன்னதில்லை. பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டு, இது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற விஷயம், மெத்தென்று ஆகலாம், இழுவை குறையலாம், நிறம் கொஞ்சம் சேரலாம், பழைய கன்னம் வராது, அதை எதிர்பார்த்து வராதீர்கள் என்றார், அந்தத் தணிந்த குரல் நல்ல சரக்கு, அதையும் வைத்திருக்கிறேன். ஒப்புதல் தாளில் அக்கா கையெழுத்துப் போட்டாள். கீழே சாட்சி என்று ஒரு கோடு. நான் போட்டேன். என்னைவிட நல்ல சாட்சி அவளுக்கு எங்கே கிடைக்கும்.

பதினொன்று இருபது. எனக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை, பள்ளிக்கூடத்தில் எல்லா வாத்தியார்களும், சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஊர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவரும், வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாவும், ஃபாதர் சவரிமுத்துவின் ஞாயிற்றுக்கிழமைக் குரலும் திங்கட்கிழமைக் குரலும், அடகுக்கடைச் சேட்டும், அவர் கடை நாயும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அம்மா குரலில் அம்மாவையே கூப்பிட்டிருக்கிறேன், அம்மா என்ன என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். ஆனால் அப்பா குரல் என்னிடம் இருப்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதை நான் ஊர் நடுவில் எடுக்க மாட்டேன், அது வேறு ரகம், சண்முகக்கனி அண்ணாச்சி குரல், தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்து, நாக்கை அடியில் படுக்கப்போட்டு, மூச்சை வயிற்றிலிருந்து பிடித்து, வார்த்தையை முழுசாகச் சொல்லாமல் வாலை வெட்டிவிட வேண்டும். வருவதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆனது. குளியலறையில் வாளிக்குக் குழாயைத் திறந்துவிட்டுப் பழகினேன். வந்த அன்று தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, பையனுக்குக் காய்ச்சல், ரெண்டு நாள் வரமாட்டான் என்று சொன்னேன், தலைமையாசிரியர் எழுந்து நின்றுதான் பேசியிருப்பார், சரிங்க அண்ணாச்சி, சரிங்க அண்ணாச்சி, அந்த ருசி இருக்கிறதே, அது கருப்பட்டி மிட்டாயில் கிடையாது. அந்தக் குரலுக்குள் போய்விட்டால் எனக்கு மீசை இருக்கும், தொந்தி இருக்கும், கடை இருக்கும், என்னை யாரும் அறைய முடியாது. அறைகிறவரே நான்தான்.

விடு. ஒரே ஒரு வார்த்தை. கடைப் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குவதற்கு ஒரு முறை உண்டு, எல்லாச் சேவுக்கடையிலும் இருக்கிறதா தெரியாது, எங்கள் கடையில் உண்டு. ஒரு காதை அப்பா பிடிப்பார், மறு காதைக் கடையில் வேலைபார்த்த குருவையா அண்ணன், சாக்கைச் சுற்றிக்கொண்டு. தரை மேடுபள்ளம் என்பதால் அக்கா கீழே குத்தவைத்து சட்டி உட்காருகிற இரும்புப் பிரிமணையை நேராக்கி, அடியில் ஓட்டுச்சில் சொருகி, ஆச்சு என்பாள். அப்பா விடு என்பார். அவர் சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் ஒன்றாக இறக்குவார்கள். சட்டியின் வயிறு மறைப்பதால் குருவையா அண்ணனுக்குப் பிரிமணையும் தெரியாது, அக்கா கையும் தெரியாது, புகையில் எதிரே நிற்கிற அப்பா முகமும் தெரியாது, அப்பாவின் குரல்தான் அவருக்குக் கண், பதினாறு வருஷமாக. அந்த நேரத்தில் வேறு யாரும் பேசக்கூடாது, தும்மினால்கூட அப்பாவிடம் வசவு. நான் டியூஷனுக்குப் போகாமல் கடலை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எண்ணெயை டின்னில் மொண்டுவிட்டார்கள், வெறும் சட்டியைத்தான் இறக்குகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன். வெறும் சட்டி டமார் என்று விழும், குருவையா அண்ணன் விழிப்பார், அப்பா ஏன்டா விட்ட என்பார், நீங்கதானே சொன்னீங்க அண்ணாச்சி என்பார், நான் சொல்லலையேடா என்பார், இப்படியே பத்து நிமிஷம் ஓடும், நான் மாவுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரிப்பேன், அவ்வளவுதான் திட்டம். வெறும் சட்டி என்று நினைத்தேன். ஆனால் வெறும் சட்டியை இரண்டு பேர் அப்படிக் கால் அகட்டித் தூக்க மாட்டார்கள். நினைத்தேனா. காய்ந்த எண்ணெய்க்கு ஒரு வாடை உண்டு, மிளகாய்த்தூளும் பூண்டும் கருகி மூக்கின் அடியில் ஒட்டும், ஆறின எண்ணெய்க்கு அது கிடையாது, சேவுக்கடையில் பிறந்தவனுக்கு இது தெரியாமல் இருக்காது. வாடை வந்ததா. வந்ததா இல்லையா என்று ஒன்றரை வருஷமாக மோந்து பார்க்கிறேன், ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை. அக்கா ஆச்சு என்று சொல்லவில்லை. அது மட்டும் நிச்சயம். அவள் சொல்வதற்கு முன்னால் சொன்னால்தானே வேடிக்கை. விடு என்றேன். தாடை நெஞ்சில், நாக்கு அடியில், வாலை வெட்டி. குருவையா அண்ணன் விட்டார், அப்பா விடவில்லை, சட்டி குருவையா அண்ணன் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம்தான் அக்கா குத்தவைத்திருந்தாள்.

அவள் கத்தியது என்னிடம் இருக்கிறது. நான் எடுக்கவில்லை, அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, வாளிக்குக் குழாயைத் திறந்துவிட்டு அதைச் செய்து பார்த்தேன், முதல் தடவையிலேயே முழுசாக வந்தது, பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து கதவைத் தட்டினாள், பல்லி என்றேன். இரண்டாவது தரம் செய்யவில்லை. மூட்டைக்குப் பின்னாலிருந்து அன்று நான் சந்து வழியாக வெளியே போய், முன்வாசல் வழியாக, என்னாச்சு என்னாச்சு என்று ஓடிவந்தேன், அதுவும் நல்ல நடிப்புதான், யாரும் பார்க்கிற நிலையில் இல்லாததால் வீணாகப் போனது. குருவையா அண்ணன் கால் பாதமெல்லாம் வெந்து, அதைப் பார்க்காமல், நீங்க விடுன்னு சொன்னீங்க அண்ணாச்சி, என் காதால கேட்டேன் அண்ணாச்சி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா நான் வாயைத் திறக்கலை என்றார். அதுவும் உண்மை. இரண்டு பேரும் உண்மை சொன்னால் நடுவில் ஒரு பொய் தேவைப்படுகிறது, இல்லையென்றால் கணக்குத் தீராது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா புலம்பிக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன், குருவையா அண்ணன் வாயில காலையில வாடை வந்துச்சும்மா. என் சொந்தக் குரலில் சொன்னேன். யார் மாதிரியும் இல்லாமல், தர்ஷன் என்கிற என் மாதிரி. இருக்கன்குடி மாரியம்மனுக்கு வருஷா வருஷம் மாலை போடுகிற மனுஷன், டீயில்கூடச் சர்க்கரை அதிகம் வேண்டாம் என்கிற மனுஷன், சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லாரும் அவரைப் பல தடவை தள்ளாடிப் பார்த்திருந்தார்கள். அப்பா அவரை அடிக்கவில்லை, போலீசுக்குப் போகவில்லை, இனிமே கடைப் பக்கம் வராத என்று சொன்னார், அதோடு அப்பா பேசுவதையே குறைத்துக்கொண்டார். இப்போது சட்டி இறக்கும்போது விடு என்பதில்லை, கழுத்தில் ஒரு விசில் தொங்குகிறது, பீ.டி. வாத்தியார் மாதிரி. புதிதாக வந்த ஆட்களுக்கு ஏன் என்று தெரியாது, சிரிக்கிறார்கள். விசிலையும் என்னால் செய்ய முடியும், நாக்கை மடக்கினால் போதும், ஆனால் அந்த நேரத்தில் நான் பின்கட்டுக்குப் போவதில்லை.

பதினொன்று நாற்பது. மாப்பிள்ளைப் பையனை உள்ளே கூப்பிட்டார்கள், அவன் அம்மாவும் கூடவே போய்க் கதவில் நிறுத்தப்பட்டு, அங்கேயே நின்றாள். அக்கா கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள், தொடையிலிருந்து தோலைச் சுரண்டி எடுத்துக் கழுத்தில் ஒட்டினார்கள் அப்போது, அதனால் அவளுக்கு இரண்டு இடத்தில் தழும்பு, ஒன்று எண்ணெய் செய்தது, ஒன்று வைத்தியம் செய்தது. பிறகு ஒரு வருஷம் கழுத்தில் இறுக்குப் பட்டை, சிலிக்கான் ஒட்டு, தேங்காய் எண்ணெய் தடவல், ஊரார் சொன்ன சோற்றுக்கற்றாழை, இப்போது இந்தத் துளிப் பைகள். நான் மனசுக்குள் அந்தத் துளிப் பைகளாகப் பேசிப் பார்த்தேன், டாக்டரம்மா குரலில், ஏம்மா தோலே, போதும்மா, நிறுத்தும்மா. தோல் என்ன பதில் சொல்லும், யார் பேசுறது என்று கேட்குமா, கேட்காது, பதினாறு வருஷம் பழகின குரல் என்றால் யாரும் கேட்பதில்லை, கையிலிருப்பதை விட்டுவிடுவார்கள். அங்கே விடு என்பதற்கும் இங்கே நிறுத்து என்பதற்கும் இடையில் வித்தியாசம் ஒன்றுமே இல்லை, சொல்கிறவர் வேறு என்றால், இரண்டு இடத்திலும் சொல்கிறவர்தான் அங்கே இல்லையே. இது என்ன யோசனை, இதை யோசிக்கிற குரல் யாருடையது, இயற்பியல் வாத்தியாருடையது, இல்லை, அவர் இவ்வளவு மெதுவாகப் பேச மாட்டார். எனக்கென்று ஒரு குரல் எங்கேயாவது இருக்கும்தானே என்று தேடிக்கொண்டிருக்கும்போது அக்கா பேசினாள். பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து, பாதி உதட்டால், வெற்றிலை போட்ட கிழவி மாதிரி.

"அன்னைக்கு அப்பா வாய் மூடியிருந்துச்சு. நான் கீழ இருந்து பாத்தேன்."

என்னவென்று புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த முகமும் யாருடையதோ.

"குளிக்கும்போது நீ அப்பா மாதிரி பேசுனது யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சியா. எனக்குக் கேக்கும், தர்ஷா. என் ரூம் சுவர்தானே."

காதுக்குள் மீன் தொட்டிக் குமிழிச் சத்தம் பெரிதாகியது. ஒன்றரை வருஷம். கட்டுப் பிரிக்கும்போது நான் பக்கத்தில் நின்று, வார்டு ஆயாக்களை எல்லாம் செய்து காட்டி அவளைச் சிரிக்கவைத்தேன், சிரித்தால் தோல் இழுக்கும், வலிக்கும், ஆனாலும் சிரிப்பாள், தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறாள். என்னுடைய பயம் எப்போதும் அப்பாவின் கைமேல்தான் இருந்தது, இவள்மேல் வைக்கத் தோன்றவில்லை, இந்தத் திருட்டுப் பூனை பயப்படவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு, சொல்ல வெட்கமாக இல்லை, என் புத்தி உடனே வேறொன்றைப் பிடித்தது, பிடித்ததும் ஒரு குஷி. அப்படியென்றால் நீயும்தானே, என்றேன், குருவையா அண்ணனை அப்பா அனுப்பியபோது உனக்கும் தெரியும், அவர் குடிகாரர் என்று ஊர் சொன்னபோது உனக்கும் தெரியும், நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன், நீ ஒன்றரை வருஷம் சொல்லாமல் இருந்திருக்கிறாய். அடிபட்ட இடத்திலேயே அடித்தேன், நன்றாக விழுந்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஆமா, என்றாள். அப்பா உன்னைக் கொன்னுருவாருன்னு முதல்ல பயந்தேன், அப்புறம் நீயா என்னைக்குச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், பாக்குறது பழகிருச்சு, என்றாள். வேலை போன பிறகு குருவையா அண்ணன் கோவில்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறாராம், அவர் பெண்டாட்டி அவரிடம் சரியாகப் பேசுவதில்லையாம், மகள் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மகள் என்கிறார்களாம். இதையெல்லாம் எண்ணெய் ஆர்டர் சொல்கிற மாதிரி ஒரே சீராகச் சொன்னாள். முகம் மரத்துக்கொண்டிருந்தது.

பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தாள், குருவையா அண்ணன் நம்பரைத் தட்டினாள், என்னிடம் நீட்டினாள். "அப்பா குரல்ல பேசு. தப்பு அவர் மேல இல்லன்னு சொல்லு. அது போதும்."

இதைக் கேட்டு எனக்கு ஏன் சந்தோஷம் வந்தது என்று தெரியவில்லை. வந்தது. ஒன்றரை வருஷமாக அந்தக் குரலை நான் தொடவில்லை, துருப்பிடித்திருக்குமோ என்று ஒரு பயம், மேடையேறுகிறவனின் பயம், கொலைகாரனின் பயம் அல்ல. ஹால் மூலைக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவளும் எழுந்து வந்து, முகத்தை ஆட்டாமல், என் தோளோடு நின்று ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினாள். கீழே பைபாஸில் ஒரு லாரி ஹாரன். அந்தப் பக்கம் போன் மணி அடித்தது, மூன்று, நான்கு. தாடையை நெஞ்சில் வைத்தேன்.

"குருவையா."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம். எழுந்து நிற்கிறார். "அண்ணாச்சி. அண்ணாச்சி, நீங்களா?"

"ம்."

"பாப்பாவுக்கு எப்படி இருக்கு அண்ணாச்சி? முகம் கொஞ்சம் சரியாச்சா?"

"வைத்தியம் நடக்கு." எப்படி வந்தது பார்த்தீர்களா, அப்பா 'நடக்குது' என்று முழுசாகச் சொல்ல மாட்டார், நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாக வாலை வெட்டியது. பக்கத்தில் அக்காவின் மூச்சு நின்றது, அவளுக்கே அப்பாதான் நிற்கிறார் என்று ஒரு கணம் தோன்றியிருக்கும், அதையும் கவனித்தேன், அதற்கும் ருசி இருந்தது. தப்பு உன்மேல இல்ல குருவையா. ஐந்து வார்த்தைகூட இல்லை. நாக்கின் நுனியில் வைத்திருந்தேன். சொல்லியிருப்பேன், அவர் முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால்.

"அண்ணாச்சி, நானே வந்து உங்க கால்ல விழணும்னு இருந்தேன். தைரியம் வரல. நான் அன்னைக்குக் குடிச்சிருந்தேன் அண்ணாச்சி."

ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, பின்னால் வெள்ளையாக அக்கா முகம்.

"குடிக்கலன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். எல்லாரும் சொன்னாங்க. வீட்டுலயும் சொன்னாங்க. இல்ல, இல்லன்னு சொல்லிச் சொல்லி ஒரு நாள் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. முந்தின நாள் கோயில் கொடைத் திருவிழால எவனோ சர்பத்துன்னு ஒண்ணு குடுத்தான். அதுல இருந்திருக்கும். அதான் நீங்க சொல்லாதது எனக்குக் கேட்டுருக்கு. இல்லன்னா எப்படிக் கேக்கும் அண்ணாச்சி? பதினாறு வருஷம் கேட்ட குரல், தப்பாக் கேக்குமா?"

அவர் காத்திருந்தார். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. சொல்லு என்று அந்த நகம் சொன்னது, அவளுடைய குரலில்லாத குரலில். எனக்கு முன்னால் நேரான ரோடு மாதிரி அந்த வாக்கியம் கிடந்தது. ஆனால் நான் அப்பாவுக்குள் இருந்தேன், மீசையோடு, தொந்தியோடு, காலில் விழ ஒருவன் தயாராக நிற்கும்போது அண்ணாச்சியின் தொண்டை என்ன செய்யுமோ அதைச் செய்தது, மெதுவாக ஒரு தரம் செருமியது.

"சரி, போகட்டும். மன்னிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்கிற சத்தம். பிறகு அழுகிறார் என்று தெரிந்தது, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுகிறார். வேலைக்குக் கூப்பிடச் சொல்லிக் கேக்கல அண்ணாச்சி, என்றார், உங்க வாயால இது வந்துச்சே, இது போதும், வீட்டுக்காரிகிட்ட இன்னைக்குப் போய்ச் சொல்லுவேன், அண்ணாச்சியே மன்னிச்சுட்டாருன்னு. பிள்ளைகள் நல்லா இருக்கணும் என்றார். தம்பி நல்லா இருக்கணும் என்று என்னைத் தனியாகச் சொன்னார். நான் ம் என்றேன். போனை வைத்தேன். எனக்குக் கைதட்டல் கேட்டது, நிஜமாகவே கேட்டது, பிறகுதான் தெரிந்தது, கதவருகே நின்ற மாப்பிள்ளையின் அம்மா யாரையோ கைதட்டிக் கூப்பிடுகிறாள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்தத் திட்டை எடுத்துவைத்துக்கொண்டிருப்பேன். போனை என் கையிலிருந்து வாங்கி ஒரு பொத்தானைப் பார்த்தாள். "இது கடை ஆர்டர் போன். பேசுறதெல்லாம் பதிஞ்சிரும்," என்றாள். ராத்திரி அப்பாவிடம் போட்டுக் காட்டப்போவதாகச் சொன்னாள், அப்பாவிடம் காட்டிவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய் அவரிடமும் காட்டப்போவதாகச் சொன்னாள், தான் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்லப்போவதாகச் சொன்னாள், வார்த்தைகள் பாதி உதட்டில் வழுக்கின, மரத்துவிட்டது. நர்ஸ் கதவைத் திறந்தாள். பூங்கனி, வாங்க. போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது, தம்பிகிட்ட குடுத்திருங்க. அக்கா என்னையும் போனையும் பார்த்தாள். அந்த இரண்டு கண்ணும், நேர்க்கண்ணும் இழுபட்ட கண்ணும், ஒரே மாதிரி இருந்தது அப்போது மட்டும்தான். போனை என் உள்ளங்கையில் வைத்தாள். "அழிக்கணும்னா அழிச்சுக்கோ," என்றாள். உள்ளே போய்விட்டாள். கதவு தானாக மெதுவாக மூடிக்கொண்டது.

மணி பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம். இப்போது உள்ளே அவள் கன்னத்தில் ஊசி உருளை ஓடும், அவளுக்குத் தெரியாது, மரத்திருக்கிறது, பொடிப் பொடியாக ரத்தம் துளிர்க்கும், அதன்மேல் அந்தப் பேச்சை ஊற்றுவார்கள். எனக்கு இங்கே அரை மணி நேரம். அழிப்பதற்கு ஒரு விரல் போதும், குப்பைத்தொட்டிப் படம் மேலே வலது மூலையில் இருக்கிறது, தொட்டால் நிச்சயமா என்று கேட்கும், நிச்சயம் என்றால் முடிந்தது, அப்பாவிடம் அவள் வெறும் வாயால் சொல்வாள், நான் என் சொந்தக் குரலில் இல்லவே இல்லை என்பேன், என் சொந்தக் குரலை வீட்டில் நம்புவார்கள், ஒருதரம் நம்பியிருக்கிறார்கள். விரலை வைத்தேன். அதற்கு முன்னால் ஒரே ஒருதரம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது, காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு. கேட்டேன். அம்மாடி. வைத்தியம் நடக்கு. அந்த செருமல். பஸ் ஸ்டாண்டு, வாத்தியார், சேட்டு, நாய், எல்லாம் குப்பை, என் பதினேழு வருஷத்தில் நான் இப்படிச் செய்ததே இல்லை, அப்பாவே கேட்டால் தானென்றுதான் நினைப்பார், கையை ஓங்குவதற்கு முன்னால் ஒரு நொடியாவது நான் எப்போது இதைச் சொன்னேன் என்று யோசிப்பார். ஒரே ஒரு பிழைதான் இருந்தது, அப்பா அந்த வார்த்தையைச் சொல்லுகிறவர் இல்லை, யாருக்கும் எதற்கும் சொன்னதில்லை, ஆனால் சொன்னால் இப்படித்தான் இருக்கும், சந்தேகமே இல்லை. இதைப் போய் எப்படி அழிப்பது. மறுபடியும் அந்த இடத்துக்கு மட்டும் விரலால் இழுத்துக் கேட்டேன். நர்ஸ் கதவைத் திறந்து, அக்கா கொஞ்சம் அழுறாங்க, வலி இல்ல, பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி என்றேன், யார் குரலில் சொன்னேன் என்று கவனிக்கவில்லை. மறுபடியும் இழுத்தேன். மன்னிச்சுட்டேன். இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்து, செருமலிலிருந்து.